டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு போன் நம்பர்: அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் அரசு மருத்துவமனை ஒன்றின் அறுவை சிகிச்சை வார்டுகளில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர். உங்களில் சிலர் ஹவுஸ் சர்ஜனாக முதன்முதலில் தையல் பிரித்த நாளில் பக்கத்தில் டிரே பிடித்துக்கொண்டு நின்றவள் நானாகவும் இருக்கலாம். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். குடலிறக்கம் என்று புத்தகத்திலும், ஹெர்னியா என்று கேஸ் சீட்டிலும், 'ஹிரண்யா' என்று எங்கள் வார்டு பெஞ்சிலும் சொல்லப்படும் நோயைப் பற்றியது இந்த மடல். அதற்கு நீங்கள் போனை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள், எப்படிப் பயன்படுத்தலாம் என்பதைப் பற்றியது.

என் தாய்மாமா வால்பாறையில் எஸ்டேட் தொழிலாளி. பறித்த கொழுந்தை மூட்டை கட்டி, எடை போடும் இடத்துக்குச் சுமந்து, லாரியில் ஏற்றும் வேலை. இடது பக்கம் இறங்கியிருந்த ஹெர்னியாவைப் பல வருடம் கோவணத்தை இறுக்கிக் கட்டிச் சமாளித்தார். கடைசியில் கீழே சமவெளியில் ஒரு மருத்துவமனையில் மெஷ் (பலவீனமான இடத்தைத் தாங்கும் வலை) வைத்து ஆபரேஷன் செய்தார்கள். நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். ஐந்தாம் நாள் இரவு சிறுநீர் கழிக்க எழுந்தவர், விளக்கைப் போட்டுப் பார்த்தால் விதைப்பை வீங்கி, நாவல்பழம் மாதிரி கறுத்துக் கிடக்கிறது. அத்தை பயந்துபோய் அழ ஆரம்பித்துவிட்டார். டிஸ்சார்ஜ் சீட்டின் தலைப்பில் அச்சாகியிருந்த நம்பருக்கு நான்கு தடவை அடித்திருக்கிறார்கள். யாரும் எடுக்கவில்லை.

மழை பெய்துகொண்டிருந்தது. லைன் வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு ஜீப்பைப் பிடித்துக் கொடுத்தார்கள். வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்கும் பாதையை நீங்கள் சுற்றுலாவுக்குப் போய் வந்திருப்பீர்கள், 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆபரேஷன் ஆன வயிற்றோடு, இரண்டு கையாலும் தையலைப் பொத்திக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் பல்லைக் கடித்தபடி மாமா இறங்கியிருக்கிறார். விடிகாலையில் அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் வேட்டியை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். "பயப்படாதீங்கப்பா, உள்ளே கசிஞ்ச ரத்தம் கீழே இறங்கியிருக்கு. ரெண்டு வாரத்துல தானா கலைஞ்சிரும். நல்லா தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஜட்டி போடுங்க" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பார்த்து முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஜீப் வாடகைக்காக அத்தை மறுநாள் கம்மலை அடகு வைத்தார்.

எனக்கு விஷயம் தெரிந்தது காலை ஒன்பது மணிக்கு. "ராத்திரியே எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா மாமா?" என்று கேட்டேன். "நடுச்சாமத்துல உன்னை எழுப்புவானேன்னு விட்டுட்டோம் தாயி" என்றார். நர்ஸ் ஒருத்தி வீட்டிலேயே இருக்கிற குடும்பத்துக்கு இந்த நிலை. யாருமே இல்லாத குடும்பங்களை நினைத்துப் பாருங்கள்.

அன்று மாமாவுக்கு வேண்டியிருந்தது ஒரு கண். ஒரு போட்டோவை வாங்கிப் பார்த்து, காய்ச்சல் இருக்கிறதா, வலி ஏறுகிறதா, சிறுநீர் போகிறதா என்று நான்கு கேள்வி கேட்க ஓர் ஆள். அவ்வளவுதான். கவட்டை ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பிறகு இப்படி ரத்தம் கட்டுவதும், ஆபரேஷன் ஆன இடத்தில் நீர் கோத்து உருண்டையாகத் தெரிவதும் சகஜம் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வீட்டில் இருக்கிறவருக்குத் தெரியாது. "ஹெர்னியா திரும்ப வந்துடுச்சு, ஆபரேஷன் ஃபெயில்" என்று முடிவு கட்டிவிடுவார். டிஸ்சார்ஜ் அன்று கட்டில் பக்கத்தில் வேகவேகமாகச் சொன்ன எதுவும் ஐந்தாம் நாள் நினைவில் இருக்காது.

இதற்கெல்லாம் போனைப் பயன்படுத்தலாமா என்ற சந்தேகம் 2020-லேயே தீர்ந்துவிட்டது. ஊரடங்கு தொடங்கிய அந்த மார்ச் 25 அன்றுதான் இந்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளும் வெளியாயின. பதிவு பெற்ற மருத்துவர் வீடியோவிலோ, குரல் அழைப்பிலோ, எழுத்துச் செய்தியிலோ ஆலோசனை சொல்லலாம். எது போதும், எப்போது நேரில் வரச் சொல்ல வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கலாம். நோயாளிக்குப் பக்கத்தில் ஒரு சுகாதாரப் பணியாளர் இருந்து பேச வைப்பதும் அதில் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அடுத்த மாதமே அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் வீட்டிலிருந்தபடி மருத்துவரைப் பார்க்கும் வசதி வந்தது. 2023 பிப்ரவரியில் அதன் ஆலோசனைகள் பத்துக் கோடியைத் தாண்டின. அதற்கெல்லாம் இருபது வருடம் முன்பே, 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம், சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில் தொலைமருத்துவ மையம் திறந்தாகிவிட்டது. கண் மருத்துவர்கள் நம் ஊரிலேயே செய்து காட்டிவிட்டார்கள். அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களில், பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைச் சோதிக்கிறார், தாய் மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசி முடிவு சொல்கிறார். கருவிக்கும் சட்டத்துக்கும் குறை இல்லை.

ஹெர்னியாவில் போன் எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பதுதான் நாம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

மற்ற நோய்கள் டாக்டரைப் பார்க்கப் போனால் கூடவே வரும். ஹெர்னியா ஒளிந்துகொள்ளும். நாள் முழுக்க மூட்டை தூக்கியவனுக்குச் சாயங்காலம் எலுமிச்சம்பழம் அளவுக்குத் துருத்தி நிற்கும், ராத்திரி படுத்தால் உள்ளே போய்விடும். காலையில் வெறும் வயிற்றோடு பஸ் பிடித்து ஓ.பி.யில் வந்து படுத்தால் ஒன்றும் இருக்காது. "எங்கேப்பா கட்டி?" என்று நீங்கள் கேட்க, அவர் பொய் சொன்னவர் மாதிரி விழிப்பார். நிற்க வைத்து, இருமச் சொல்லி, விரல் வைத்துப் பார்க்கும் பொறுமை உள்ளவரிடம் அகப்பட்டால் தப்பித்தார். நூறு பேர் வரிசையில் நிற்கும் நாளில் "அல்ட்ராசவுண்ட் எடுத்துட்டு வா" என்று எழுதி அனுப்புவதும் நடக்கிறது. கவட்டை ஹெர்னியாவைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலானவர்களுக்குக் கையால் பார்ப்பதே போதும் என்று 2018-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த ஸ்கேனுக்காக இன்னொரு நாள் கூலி போகிறது.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் மோசம். எட்டு மாதக் குழந்தை அழும்போது இடுப்புக்குக் கீழே புடைக்கிறது. டாக்டர் அறைக்குள் வந்ததும் அம்மா மடியில் சமர்த்தாகத் தூங்குகிறது. குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் தாய்மார்களிடம் சொல்லி அனுப்புவார், "அடுத்த தடவை அழும்போது போன்ல ஒரு போட்டோ எடுத்து வைம்மா, அதைக் காட்டு போதும்." நான் பார்த்த மிக எளிய தொலைமருத்துவம் அதுதான். ஒரு தாய் அப்படி எடுத்த படத்தை எனக்குக் காட்டினாள். குழந்தை வீறிட்டு அழுகிறது, ஒரு கையால் காலைப் பிடித்திருக்கிறாள், படம் பாதி மங்கல், ஆனாலும் வலது பக்கம் புடைப்பு பளிச்சென்று தெரிகிறது. மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் தலையசைத்தார். பெரியவர்களுக்கும் இதையே ஏன் சொல்லி அனுப்பக் கூடாது? சாயங்காலம் வேலை முடிந்ததும், நின்றபடி, துருத்தி நிற்கும் நேரத்தில் ஒரு படம். ஓ.பி.க்கு வரும் நாளில் அது அவர் பையில் இருக்கட்டும். படத்தை வைத்து ஆபரேஷனை முடிவு செய்யச் சொல்லவில்லை. அவர் சொல்வதை நம்பி, நிற்க வைத்து விரல் வைத்துப் பார்க்க அந்தப் படம் உங்களைத் தூண்டும், அதற்குத்தான்.

இப்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். போன் மீது எனக்கு இருக்கும் பயம் பெண்கள் வார்டில் நான் பார்த்த ஒரு பாட்டியிடமிருந்து வந்தது.

அறுபத்தைந்து வயது இருக்கும், ஒல்லியான உடம்பு. இரண்டு நாளாக வயிற்றுவலி, வாந்தி. மகன் ஏதோ ஒரு போன் ஆலோசனையில் டாக்டரிடம் பேசியிருக்கிறார். "என்ன சாப்பிட்டாங்க, காரமா?" என்ற கேள்வி வந்திருக்கிறது. வாயுக்கோளாறு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் எங்களிடம் வந்தபோது வயிறு பானை போல உப்பியிருந்தது. சேலையைத் தளர்த்திப் பார்த்தால் தொடை இடுக்கில், மடிப்புக்குக் கீழே, நெல்லிக்காய் அளவு கட்டி, கல் மாதிரி. தொடை ஹெர்னியா. உள்ளே மாட்டிய குடல் செத்துவிட்டது. குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துத்தான் பாட்டியைக் காப்பாற்றினார்கள். "அங்கே கட்டி இருந்துச்சா பாட்டி, முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியும் தாயி. ரெண்டு வருசமா இருக்கு. அந்த எடத்தைப் போயி பையன்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றார்.

அந்த டாக்டர் யாரென்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. நேரில் பார்த்திருந்தாலும் சேலையை விலக்காமல் மாத்திரை எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் போனில் அந்தத் தவறு நடக்க வழி அகலம். பாட்டியின் வாயாக மகன் பேசுகிறார், மகனுக்கே தெரியாத கட்டியை டாக்டர் எப்படி அறிவார்? வயிற்றுவலியும் வாந்தியும் என்று யார் பேசினாலும், "தொடை இடுக்குல, தொப்புள்ல, பழைய ஆபரேஷன் தழும்புல எங்கயாச்சும் கட்டி இருக்கா?" என்ற கேள்வி தவறாமல் வர வேண்டும். பேசுகிறவர் பெண் என்றால், ஆண்பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவரிடமே கேட்க வேண்டும். கட்டி இருக்கிறது, உள்ளே போகவில்லை, வலிக்கிறது என்ற மூன்றும் சேர்ந்தால் அதற்கு மேல் போனில் பேச்சே கூடாது. 108-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு, எந்த மருத்துவமனைக்கு வருகிறாரோ அங்கே நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். "அழுத்தி உள்ளே தள்ளிப் பாருங்க" என்று வீட்டாரிடம் போனில் சொல்லவே கூடாது. செத்த குடல் உள்ளே போனால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிசேரியன் தழும்பிலும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் தழும்பிலும் ஹெர்னியா வந்து, உள்பாவாடை நாடாவுக்கு மேல் துணிச்சுருள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர்! ஹெர்னியா என்றாலே ஆம்பளைச் சீக்கு என்ற நினைப்பு நம் வீடுகளில் மட்டும் இல்லை, சில மருத்துவர்களிடமும் இருக்கிறது. கவட்டை ஹெர்னியாவை எடுத்துக்கொண்டால் வாழ்நாளில் நான்கு ஆண்களில் ஒருவருக்கு மேல் வருகிறது, பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான். ஆனால் தொடை ஹெர்னியா பெண்களுக்கே அதிகம், சீக்கிரம் மாட்டிக்கொள்வதும் அதுதான்.

2020 ஏப்ரலில் வேறொன்றைப் பார்த்தேன். அவசரம் இல்லாத ஆபரேஷன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். ஹெர்னியாவுக்குத் தேதி கொடுத்திருந்தவர்களின் பெயர்கள் எங்கள் வார்டு நோட்டில் ஐந்து பக்கத்துக்கு இருந்தன. ஹவுஸ் சர்ஜன் பெண் ஒருத்தி, இருபத்து மூன்று வயது இருக்கும், "சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துல இவங்களுக்குப் போன் பண்ணலாமா சிஸ்டர்?" என்று கேட்டாள். யாரும் எங்களுக்கு உத்தரவு போடவில்லை. சனிக்கிழமை மதியங்களில் நானும் அவளும் மாறி மாறி அழைத்தோம். முதல் நாள் அவள், "மோஷன் நார்மலா போகுதா? சிம்ப்டம்ஸ் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் "ஆங், ஆங்" என்ற பதில்தான் வந்தது. நான் வாங்கி, "அண்ணே, படுத்தா உள்ளே போகுதா? காத்துப் பிரியுதா? சோறு தங்குதா, வாந்தி வருதா?" என்றேன். அதன் பிறகு அவளும் அப்படியே கேட்கக் கற்றுக்கொண்டாள். மூன்றாவது சனிக்கிழமை ஒருவர், "சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன் தாயி. நேத்து சாயங்காலத்துலேருந்து உள்ளே போகல. வெளியே போனா போலீஸ் புடிப்பான்னு படுத்திருக்கேன்" என்றார். போனை வைக்காமலே பக்கத்து போனில் 108-ஐக் கூப்பிட்டோம். அன்று ராத்திரியே ஆபரேஷன். குடல் கறுத்திருந்தது, சுடுநீர்த் துணி போட்டுக் காத்திருந்தபோது நிறம் திரும்பியது. வெட்ட வேண்டியிருக்கவில்லை.

அந்த நோட்டு எனக்கு ஒன்றைப் புரிய வைத்தது. நோயாளி நம்மைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தால் அவர் கூப்பிடமாட்டார். நாம்தான் கூப்பிட வேண்டும். தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட ஜனங்கள் இவர்கள்.

இதை இன்னும் நீட்டிப் பாருங்கள். அறிகுறி குறைவான ஆண்களுக்குக் கவட்டை ஹெர்னியாவை உடனே ஆபரேஷன் செய்யாமல் கவனித்துக்கொண்டே இருக்கலாம் என்று உங்களில் பலர் சொல்கிறீர்கள். அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்து நடந்து, 2006-இல் வெளியான ஆய்வுதான் அதற்கு ஆதாரம். காத்திருந்தவர்களில் வருடத்துக்கு ஆயிரம் பேரில் இரண்டு பேருக்கும் குறைவாகத்தான் திடீரென்று மாட்டிக்கொண்டது. சரிதான். ஆனால் பத்து வருடத்தில் காத்திருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர், பெரும்பாலும் வலி காரணமாக, ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள் என்று அதே மருத்துவர்கள் பின்னால் எழுதினார்கள். நம் ஊரில் "இப்ப வேண்டாம், பார்த்துக்கலாம்" என்று அனுப்பிய பிறகு யார் பார்த்துக்கொள்கிறார்கள்? வலி கூடியதா, கட்டி பெரிதானதா என்று அவரை யாரும் கேட்பதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு போன் இருந்தால்தான் அது கவனிப்பு. இல்லாவிட்டால் கைகழுவியதாக அர்த்தம். இந்த ஆய்வு ஆண்களைப் பற்றியது என்பதையும், இதைக் காட்டிப் பெண்களைக் காக்க வைக்கக் கூடாது என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

ஆபரேஷனுக்குப் பின் நேரில் வர வைப்பதைப் பற்றி அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோ முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் ஒரு வேலை செய்தார்கள், 2013-இல் வெளியிட்டார்கள். திறந்த முறையில் ஹெர்னியா ஆபரேஷன் ஆன 115 பேர், பித்தப்பை எடுத்த 26 பேர். வீடியோவெல்லாம் இல்லை, மருத்துவ உதவியாளர் ஒருவர் சாதாரண போனில் கேள்விகள் கேட்டார். பேச முடிந்த ஹெர்னியா நோயாளிகளில் பத்துக்கு ஏழு பேர், 63 பேர், போனே போதும், நேரில் வர வேண்டியதில்லை என்றார்கள். அவர்களில் மூன்று பேருக்குத்தான் ஏதோ சிக்கல் வந்தது. அங்கே நோயாளிகள் 11 கிலோமீட்டரிலிருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் வரை பயணம் செய்து வந்துகொண்டிருந்தவர்கள். மிச்சமான ஓ.பி. நேரத்தைப் புது நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி வரிதான். நம் ஓ.பி.யில் தையல் காட்ட வந்து நிற்கும் இருபது பேரின் இடத்தில், முதல்முறை வரும் இருபது பேரை நிற்க வைத்து இருமச் சொல்லிப் பார்க்கலாம். உங்கள் கை அவர்களுக்குத்தான் வேண்டும்.

தையல் பிரிப்பதை வால்பாறையிலேயே செய்யலாம், ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் தாராளமாகப் பிரிப்பார். தானாகக் கரையும் தையல் போட்டிருந்தால் அதுவும் வேண்டாம். எஸ்டேட்டில் மருத்துவ வசதி இருந்தாக வேண்டும் என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. அங்கே இருக்கும் நர்ஸ் காயத்தைப் பார்த்து, சிவந்திருக்கிறதா, சீழ் இருக்கிறதா, சுடுகிறதா என்று உங்களுக்குச் சொல்ல முடியும். ஊர்களில் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் பிசியோதெரபிக்கும் வீட்டுக்கே ஆள் வருகிறார். அந்தப் பெண் படியேறும் வீட்டிலேயே ஆபரேஷன் ஆன ஒருவர் படுத்திருந்தால், அவர் பெயர் மட்டும் அவள் நோட்டில் இருக்காது. ஒரு வரி சேர்த்தால் போதும். உங்கள் கண்ணும் காதுமாக அவள் இருப்பாள். மலையில் சிக்னல் வந்துவந்து போகும், வீடியோ உறைந்து நிற்கும். குரல் மட்டும் போதும், பக்கத்தில் தெரிந்தவள் ஒருத்தி இருந்தால்.

ஆபரேஷனுக்கு முன்னால் நடக்கும் அலைச்சலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள், ஈசிஜி, எக்ஸ்ரேக்கு ஒரு நாள், மயக்க மருத்துவரிடம் ஃபிட்னஸ் வாங்க ஒரு நாள், அவர் எக்கோ கேட்டால் அதற்கு ஒரு நாள், காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி வந்ததா என்று கேட்க இன்னொரு நாள். தாலுகா மருத்துவமனையில் எடுத்த ரிப்போர்ட்டை மயக்க மருத்துவர் திரையில் பார்த்து, நோயாளியோடு பத்து நிமிடம் பேசினால் இதில் பாதி நாள் மிச்சம். பீடி குடிப்பதை எப்போது நிறுத்தணும், இருமலுக்கும் மலச்சிக்கலுக்கும் முதலில் வைத்தியம் பார்க்கணும், எந்த மாத்திரையை நிறுத்தணும் என்பதையெல்லாம் அங்கேயே சொல்லிவிடலாம். அட்மிஷனுக்கு வந்த பிறகு "சளி இருக்கு, அடுத்த மாசம் வா" என்று திருப்பி அனுப்பியவர்களின் முகங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் எல்லாரும் கேட்கும் கேள்வி. "எப்ப வெயிட் தூக்கலாம் சார்?" ஒருவர் ஆறு வாரம் என்கிறார், ஒருவர் மூன்று மாதம், ஒருவர் "இனி வாழ்க்கையிலயே தூக்காதே." கடைசிப் பதிலைக் கேட்டுவிட்டு வேலையை விட்டு நின்றுபோன சுமைத் தொழிலாளிகளை நான் அறிவேன். உடம்புக்குச் சௌகரியமாகத் தெரிந்ததும் வழக்கமான வேலைகளுக்குத் திரும்பலாம் என்றுதான் அந்த 2018 வழிகாட்டுதல் சொல்கிறது. ஐம்பது கிலோ மூட்டை வழக்கமான வேலையில் சேர்த்தியா என்பது நீங்கள் ஆளைப் பார்த்து, ஆபரேஷனைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. அதை டிஸ்சார்ஜ் அன்று ஒரே வாக்கியத்தில் சொல்லி முடிக்க முடியாது. இரண்டாம் வாரம் ஒரு போன், ஆறாம் வாரம் ஒரு போன். "எவ்வளவு தூக்குறீங்க, தூக்கினா வலிக்குதா?" என்று கேட்டு, படிப்படியாகச் சொல்லலாம். அந்த இரண்டு அழைப்பு ஒரு குடும்பத்தின் அடுப்பை எரிய வைக்கும்.

ஒரு வருடம் கழித்து மூன்றாவதாக ஓர் அழைப்பு. அது உங்களுக்காக. மெஷ் வைத்தவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு நாள்பட்ட வலி தங்கிவிடுகிறது என்று உலக அளவிலான கணக்குகள் சொல்கின்றன. சுவீடனில் 1992-லிருந்தும் டென்மார்க்கில் 1998-லிருந்தும் ஹெர்னியா ஆபரேஷன்களுக்குத் தேசியப் பதிவேடு இருக்கிறது, யாருக்குத் திரும்ப வந்தது என்று அவர்களுக்குத் தெரியும். நம் வார்டில் ஆபரேஷன் ஆனவருக்குத் திரும்ப வந்தால் வெட்கப்பட்டோ கோபப்பட்டோ வேறு மருத்துவமனைக்குப் போவார். உங்களுக்குத் தெரியவே தெரியாது. "ஒருத்தர்கூடத் திரும்பி வரல, நம்ம ரிசல்ட் நல்லாயிருக்கு" என்று ரவுண்ட்ஸில் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். திரும்பி வராதவர்கள் எல்லாம் குணமானவர்கள் இல்லை சார். ஹெர்னியா திரும்ப வந்திருக்கிறதா என்று போனிலேயே கேட்டுக் கண்டுபிடிக்க நெதர்லாந்து மருத்துவர்கள் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். அப்படி ஒன்றை நம் பேச்சுத் தமிழில் உண்டாக்குவது உங்கள் சங்கங்களுக்குப் பெரிய காரியமா?

அந்தரங்கம் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் செவிலியராக இருந்ததற்கே அர்த்தமில்லை. இப்போதும் போட்டோக்கள் வரத்தான் செய்கின்றன. பயிற்சி மருத்துவரின் சொந்த வாட்ஸ்அப்பில், அவருடைய அக்கா மகளின் பிறந்தநாள் படத்துக்கும் காலேஜ் குரூப் ஃபார்வர்டுக்கும் நடுவில், ஒருவருடைய மறைவிடத்தின் படம் கிடக்கிறது. போன் தொலைந்தால், பழுது பார்க்கக் கொடுத்தால் என்ன ஆகும்? அந்தப் பையன் பயிற்சி முடிந்து போன பிறகு அந்தப் படம் எங்கே? நோயாளியின் படங்களைத் தவறாகப் பயன்படுத்துவது, அதிலும் அந்தரங்கமானவற்றை, நடத்தைக் கேடு என்று அந்த 2020 நெறிமுறைகள் எழுதிவைத்திருக்கின்றன. மருத்துவமனைக்கென்று ஒரு போன், ஒரு எண், படம் கேஸ் சீட்டோடு சேர்ந்து பத்திரமாகப் போக ஒரு வழி, இதை நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான். நாங்கள் கேட்டால் "பட்ஜெட் இல்லை சிஸ்டர்" என்பார்கள். நீங்கள் கேட்டால் நடக்கும். படம் கேட்கும்போதே, முகம் வேண்டாம், காயம் இருக்கும் இடம் மட்டும் போதும் என்றும், யார் பார்ப்பார்கள் என்றும் சொல்லுங்கள். வீடியோவில் பேசும்போது உங்கள் அறையில் இருக்கும் மற்றவர்களையும் அவருக்குத் தெரியப்படுத்துங்கள். பெண் நோயாளி என்றால் பக்கத்தில் ஒரு பெண் செவிலியர் இருக்கட்டும்.

அதே நெறிமுறைகளில் இன்னொரு வரியும் இருக்கிறது, அதைப் பலர் படித்ததே இல்லை. நேரில் வரத் தயாராக இருப்பவரை, நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்பவரைப் போனிலேயே பேசச் சொல்லி வற்புறுத்துவதும் நடத்தைக் கேடு. நாளைக்கு இது பெரிதாக வளர்ந்து, மலையில் இருப்பவனுக்கு வீடியோ, காசு இருப்பவனுக்குக் கை வைத்துப் பார்க்கும் டாக்டர் என்று ஆகிவிடக் கூடாது. ஜீப் செலவை மிச்சப்படுத்தத்தான் நான் போன் கேட்கிறேன். "நேர்ல வர்றேன் டாக்டர்" என்று ஒருவர் சொன்னால் கதவு திறந்திருக்க வேண்டும்.

உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியாததில்லை. காலையில் ஓ.பி., மதியம் தியேட்டர், இரவு அவசர கேஸ், நடுவில் மீட்டிங். இதற்கு மேல் போனும் எடு என்றால் யார் எடுப்பார்கள்? அதனால்தான் இது உங்கள் தனிப்பட்ட நல்ல மனசை நம்பி நடக்கக் கூடாது என்கிறேன். வாரத்தில் ஒரு மதியம் போன் ஓ.பி. என்று டியூட்டி லிஸ்டில் ஏறட்டும். அதைப் பார்ப்பவருக்கு அது வேலை நேரமாகக் கணக்காகட்டும், பேசியது பதிவேட்டில் வரட்டும். இரவில் அழைப்பை வார்டு நர்ஸ் எடுக்கட்டும். எதற்குப் பயப்பட வேண்டாம், எதற்கு உடனே வரச் சொல்ல வேண்டும், எதற்கு உங்களை எழுப்ப வேண்டும் என்று அரைப் பக்கத்துக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால், எங்கள் பெண்கள் அழகாகச் செய்வார்கள். எழுதிக் கொடுக்காமல் எடுக்கச் சொன்னால், நாளைக்கு ஏதாவது ஆனால் மாட்டிக்கொள்வது அவள்தான் என்ற பயத்தில் எல்லாரையும் "நேர்ல வாங்க" என்றுதான் சொல்வாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

இந்த மடலை இப்போது எழுதியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மாமாவுக்கு வலது பக்கமும் இறங்க ஆரம்பித்துவிட்டது. போன வாரம் அத்தை படம் எடுத்து அனுப்பினார், சாயங்காலம் ஆறு மணி, லைன் வீட்டு வாசலில் நின்றபடி. சந்தேகமே இல்லை. "இந்தத் தடவை ஆபரேஷனே வேண்டாம், அந்த ராத்திரி போதும்" என்று பிடிவாதமாக இருந்தவரை ஒரு வழியாகப் பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். தீபாவளி போனஸ் வாங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். உங்களில் ஒருவரிடம்தான் வரப்போகிறார். நிற்க வைத்து, இருமச் சொல்லி, கை வைத்துப் பாருங்கள். ஆபரேஷனை நீங்கள் நன்றாகத்தான் செய்வீர்கள், அதில் எனக்குக் கவலையே இல்லை. டிஸ்சார்ஜ் அன்று சீட்டின் அடியில் ஒரு நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி, ராத்திரி இரண்டு மணிக்கு அதை யார் எடுப்பார்கள் என்று அத்தையிடம் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு செவிலியர் ஒருவர்